மலை ஏற ஆசைப்படும் பிள்ளைகளை எங்களோடு அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அனுமதியில்லாமல் வனப்பகுதிக்குள் போன இளைஞர்களைப் பிடித்து அபராதம் விதித்த செய்தியைச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் படித்தேன். இரண்டு நாள் கழித்து அதைப் பற்றி வந்த வாசகர் கடிதத்தையும் படித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது என்று அதில் எழுதியிருந்தார்கள். அபராதம் நியாயம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் ஆசையில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. வீட்டு முற்றத்தில் நின்றால் மலை தெரிகிற ஊரில் பிறந்தவனுக்கு, ஒரு நாள் அதில் ஏறிப் பார்க்கத்தானே தோன்றும்? எந்த வழியில் போகலாம், யாரிடம் கேட்க வேண்டும், எந்த மாதத்தில் போகவே கூடாது என்று சொல்லித்தர அவர்களுக்கு ஆள் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க எங்களால் ஆனதைச் செய்துவருகிறோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் தடிக்காரன்கோணத்தைச் சேர்ந்தவன். 31 வருடம் தபால் பட்டுவாடா செய்தேன். கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களின் லைன் வீடுகளுக்கு மணியார்டரும் பென்ஷனும் கடிதமும் கொண்டுபோனது பெரும்பாலும் நடந்துதான். ரப்பர் பால் வெட்டும் அம்மாமார்கள் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய்விட்டுத் திரும்பும் நேரத்துக்கு நான் போய்ச் சேர வேண்டும். அந்த நடை எனக்குப் பழகிப்போயிற்று. ஓய்வுபெற்ற பிறகு காலை நேரத்தில் கால் சும்மா இருக்க மறுத்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒரு ஞாயிறு நடக்க ஆரம்பித்தோம். இது நான்காவது வருடம். இப்போது நாற்பது பேர் இருக்கிறோம். பால்வெட்டுத் தொழிலாளர்கள், ஒரு செவிலியர், இரண்டு ஆட்டோ ஓட்டுநர்கள், அங்கன்வாடி ஊழியர் ஒருவர், கல்லூரியில் படிக்கும் ஐந்தாறு பிள்ளைகள். எங்கள் குழுவுக்குப் பெயர்ப்பலகை எதுவும் கிடையாது.

ஆகஸ்டில் சிதறால் போனோம். பழைய பெயர் திருச்சாரணத்துமலை. 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்துக் கல்வெட்டு இருக்கிற சமணத் தலம். கல் பாவிய பாதை, யாரும் ஏறலாம். புதிதாகச் சேர்கிறவர்களை முதலில் அங்கேதான் அழைத்துப்போகிறோம். பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களைப் பார்த்துவிட்டு, மேலே காற்றில் உட்கார்ந்து ஏத்தன்காய் வறுவல் தின்றுவிட்டு இறங்கினோம்.

செப்டம்பரில் மருத்துவாழ்மலை. அன்று நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு என்னுடையது.

அந்த மலையில் நிழல் குறைவு. பாறையும் புதருமாக இருக்கும். வெயில் ஏறினால் கீழிருந்தும் சுடும், மேலிருந்தும் சுடும். விடிவதற்குள் ஏற ஆரம்பித்து எட்டரை மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்கிறவனே நான்தான். அன்று வேன் தாமதமாக வந்தது, வழியில் டீ குடித்தோம், அடிவாரத்துப் பொற்றையடியில் இறங்கும்போது மணி எட்டே முக்கால். திரும்பிப் போயிருக்க வேண்டும். இத்தனை பேர் ஆசையாக வந்திருக்கிறார்களே என்று ஏறச் சொல்லிவிட்டேன். இளவட்டங்கள் முன்னால் ஓடிவிட்டார்கள். நாராயண குரு தவம் செய்த பிள்ளைத்தடம் குகைப் பக்கம் போய் நின்று ஆள் எண்ணினால் ஒருவர் குறைகிறார். அங்கன்வாடி அக்கா இல்லை.

கீழே இறங்கித் தேடினோம். ஒரு வளைவில் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. கை சில்லென்று வியர்த்திருந்தது. கூப்பிட்டால் பதில் வந்தது, ஆனால் குழறியது. செவிலியர் தங்கை நல்ல வேளையாக எங்களோடு இருந்தாள். பக்கத்துப் பாறையிடுக்கின் நிழலில் படுக்க வைத்து, இரண்டு பையை அடுக்கிக் காலை உயர்த்தி, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் போட்டாள். உப்பும் சர்க்கரையும் எலுமிச்சம்பழமும் கலந்த தண்ணீரை ஒரு மூடி ஒரு மூடியாகத்தான் கொடுத்தாள். மடமடவென்று கொடுத்தால் வாந்தி வரும் என்றாள். முக்கால் மணி நேரம் கழித்து அக்கா எழுந்து உட்கார்ந்து சொன்ன முதல் வார்த்தை, "எனக்காக நீங்க எல்லாரும் நிக்காண்டாம் அண்ணாச்சி, போயிற்று வாங்க." அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. தலை சுற்ற ஆரம்பித்தபோதே அவர்கள் கூப்பிட்டிருக்கலாம். நமக்காக எல்லோரும் நிற்பார்களே என்ற கூச்சத்தில்தான் கூப்பிடவில்லை. அந்தக் கூச்சம் வரும்படி நாங்கள் நடந்திருக்கிறோம்.

அன்றிலிருந்து முறையை மாற்றிவிட்டோம். எங்கள் குழுவில் மெதுவாக நடக்கிறவர்தான் முதல் ஆள். அவரை யாரும் தாண்டக் கூடாது. கடைசி ஆள் நான், அல்லது செவிலியர் தங்கை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் எண்ணுகிறோம். குறித்த நேரத்துக்கு அரை மணி தாமதமானால் அன்றைய ஏற்றம் இல்லை, அடிவாரத்திலேயே சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு. இளவட்டங்களுக்கு முதலில் பொறுக்கவில்லை. இரண்டு நடை போன பிறகு அவர்களே சொன்னார்கள், இப்போதுதான் மரமும் பறவையும் கண்ணில் படுகிறது என்று.

அக்டோபர் தொடக்கத்தில் காளிகேசத்திலிருந்து பாலமோர் போனோம். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறந்தார்கள். அதில் நம் மாவட்டத்துக்குக் கிடைத்த பாதைகளில் இது ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். மலையோரக் கிராமங்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். அபராதம் கட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு இதைத்தான் முதலில் சொல்ல ஆசைப்படுகிறேன். முறையான வழி என்று ஒன்று இருக்கிறது. உங்கள் மகனுக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

அன்று முதல் ஆளாக நடந்தது அங்கன்வாடி அக்கா. அவர்கள் நடைக்கு 22 வயதுப் பையன் பின்னால் வந்தான். மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, அட்டை நிறைய. காலுறைக்குள் பேன்ட்டைச் செருகி, துணியில் உப்பை முடிந்து ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தோம். அட்டை கடித்தால் பிடுங்கக் கூடாது, உப்பு முடிச்சை நனைத்து மேலே வைத்தால் தானே விழும்.

பாதி வழியில் வழிகாட்டித் தம்பி கையைத் தூக்கினான். பாதை நடுவில் யானைப் பிண்டம், அதாவது யானைச் சாணம். எங்களுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. அவன் குனிந்து, குச்சியால் அதை இரண்டாகப் பிளந்தான். மேல்தோல் காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். புறங்கையைப் பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்தான். உள்ளே மென்றும் மெல்லாமலும் மூங்கில் நார் கிடந்தது. பக்கத்துச் செடியில் உடைந்த கொம்பைத் திருப்பிக் காட்டினான், பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. "சாரே, இது இப்ப போனது. சத்தம் போடாம இங்கயே நிக்கணும்" என்றான். இருபது நிமிடம் நின்றோம். ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் போனை எடுக்கவில்லை. பிறகு மேட்டுப் பக்கம் கிளை முறியும் சத்தம் தூரமாகப் போவது கேட்டது. அதன் பிறகும் ஐந்து நிமிடம் நிறுத்திவைத்துத்தான் எங்களை நகர்த்தினான்.

முப்பது வருடம் காட்டோரத்தில் நடந்த எனக்கே அந்தப் பிண்டத்தின் வயது தெரியவில்லை. யூடியூபில் வழி பார்த்துக்கொண்டு தனியாகப் போகிற பையனுக்கு எப்படித் தெரியும்? கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் 402 சதுர கிலோமீட்டர். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்கேயே வாழ்கிறார்கள். அவர்களோடு போகும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பதிவுக் கட்டணம் பால்வெட்டுத் தொழிலாளிக்குப் பெரிய தொகைதான். அதனால் வாரம் 20 ரூபாய் போட்டுச் சீட்டு மாதிரிச் சேர்க்கிறோம். இன்னொரு சங்கடமும் உண்டு. மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றுதான் அவர்களுக்கு ஓய்வு. மழை பெய்தால் மலைப்பாதையும் மூடிவிடும். வெயில் நாளில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அவர்கள் எங்களோடு வருகிறார்கள். மலையடிவாரத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு, முக்கியமாக அரசுப் பள்ளியில் படிக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கு, கட்டணத்தில் சலுகை கொடுக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். நகரத்திலிருந்து காரில் வருகிறவர்கள் பார்க்கிற பாலமோரை, அதன் அடிவாரத்தில் பிறந்த பிள்ளை பார்க்காமல் இருக்கக் கூடாது.

இனி, வரப்போகிற பயணங்கள். இரண்டு.

முதலாவது பொங்கல் கழிந்து, நான்கு நாள், மூன்று இரவு. முதுகில் பையோடு, பேச்சிப்பாறை அணையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் கடல் வரை கோதையாற்றின் கூடவே நடப்பது. காட்டுக்குள் கூடாரம் போட நாங்கள் ஆசைப்படவில்லை, அது நமக்கான இடமும் இல்லை. ஆனால் பையைச் சுமந்து நாள் கணக்கில் நடக்கிற அனுபவம் பிள்ளைகளுக்கு வேண்டும். அதற்கு இந்த ஆற்றை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 1906-ல் கட்டி முடித்த அணையில் கிளம்பி, கோதையாறு திற்பரப்பில் அருவியாக விழுவதைப் பார்த்து முதல் இரவு. மூவாற்றுமுகத்தில் பறளியாறு வந்து சேர்வதைப் பார்த்துவிட்டுத் திருவட்டாறில் இரண்டாம் இரவு. 2022 ஜூலையில் 418 வருடத்துக்குப் பிறகு கும்பாபிஷேகம் கண்ட ஆதிகேசவப் பெருமாள் கோயில் ஊர் அது. மூன்றாம் இரவு குழித்துறை. நான்காம் நாள் தென்னந்தோப்புகள் வழியாகத் தேங்காய்ப்பட்டணம். ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் இல்லை. தங்குவது எங்கள் உறுப்பினர்களின் வீடுகளில், ஒரு இரவு கல்யாண மண்டபத்தில். பேசிவைத்துவிட்டோம். முகத்துவாரத்தில் மட்டும் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. தேர்ந்த மீனவர்களின் படகையே கவிழ்க்கிற இடம் அது, அலையை நின்று பார்த்துவிட்டு வருவதோடு சரி.

பை என்று சொன்னேன். சென்ற ஞாயிறு மழையில் வெளியே போக முடியாததால் சந்திப்பு ரப்பர் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பைகளை எடை போட்டோம். ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த ரப்பர்) எடை போடுகிற தொங்கு தராசு அங்கே இருக்கிறது. ஒரு தம்பியின் பை பதினான்கரைக் கிலோ காட்டியது. அவன் எடை 55. திண்ணையில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னேன். மூன்று ஜீன்ஸ். ஒரு பாட்டுப் பெட்டி. ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன். ஒரு பெரிய டார்ச் லைட். அம்மா கொடுத்துவிட்ட ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய். அவனுக்கு அதில் எதையும் விட மனசில்லை.

"மக்ளே, உன் எடையில அஞ்சில ஒரு பங்குக்கு மேல தூக்காத. உனக்கு 11 கிலோதான் கணக்கு" என்றேன். நனைந்த ஜீன்ஸ் காய ஒரு நாள் ஆகும், எடையும் கூடும். இரண்டை எடுத்துவிட்டு ஒரு கைலி வைத்தோம், அது உடுத்தவும் ஆகும், போர்த்தவும் ஆகும். ஆற்றோர ஊர்களில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, இரண்டு லிட்டர் போதும். ஊறுகாயைச் சின்ன டப்பாவில் மாற்றினோம், அம்மா கொடுத்ததை விடச் சொல்லக் கூடாது. பிறகு அடுக்குகிற முறை. கனமானது முதுகை ஒட்டி, நடுவில். லேசானது அடியில். மழைக்கோட்டு மேலே, கைக்கு எட்டும்படி. இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிவிட்டுத்தான் தோள் பட்டையை இழுக்க வேண்டும். திரும்பத் தூக்கியபோது தராசு ஒன்பதே கால் காட்டியது. அவன் பையை மாட்டிக்கொண்டு சாலையில் கீழும் மேலும் இரண்டு முறை நடந்துவிட்டு வந்து, "தோள்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு தாத்தா" என்றான். 31 வருடம் ஒரே தோளில் பையை மாட்டி நடந்து, அந்தத் தோள் இன்றைக்கும் இறங்கியிருக்கிற எனக்கு, அவன் நிமிர்ந்து நடந்து வந்ததைப் பார்க்க நிறைவாக இருந்தது.

குறைவாகச் சுமந்து நிறைய நடப்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. மகா சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்களைப் பாருங்கள். முஞ்சிறை அருகே உள்ள திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல். கையில் ஒரு விசிறி, இடுப்பில் ஒரு சின்னத் துணிப்பை, வாயில் "கோவிந்தா கோபாலா". வழியெல்லாம் ஊர்க்காரர்கள் மோரும் சுக்குநீரும் கஞ்சியும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். நானும் நான்கு முறை ஓடியிருக்கிறேன். அந்த ஓட்டத்தில் இரண்டாவது கோயில் திக்குறிச்சி, மூன்றாவது திற்பரப்பு. அவர்கள் மேலே ஏறிப் போகிற அந்தப் பக்கத்தை நாங்கள் ஆற்றோடு இறங்கி வரப்போகிறோம்.

இரண்டாவது பயணம் அகத்தியர்கூடம் என்ற மலைச்சிகரம். 1,868 மீட்டர். கேரள வனத்துறை வருடத்தில் சில வாரம் மட்டும், ஜனவரியை ஒட்டித் திறக்கிறது. போனக்காட்டிலிருந்து நடந்து அதிருமலையில் தங்கி, மறுநாள் உச்சி. நாளொன்றுக்குக் குறிப்பிட்ட பேருக்குத்தான் அனுமதி. உடல்தகுதிக்கு மருத்துவச் சான்று வேண்டும். அதனால் இதற்குக் கூட்டமாக ஆள் சேர்க்கவில்லை. ஆறு பேர் விண்ணப்பிக்கக் காத்திருக்கிறோம், அனுமதி கிடைக்கிறவர்கள் போவார்கள். பெண்கள் உச்சிக்கு ஏற நீண்ட காலம் தடை இருந்தது. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியில்தான் முதன்முதலாகப் பெண்கள் ஏறினார்கள். எங்கள் ஆறு பேரில் மூன்று பேர் பெண்கள், அதில் ஒருவர் மருத்துவாழ்மலையில் மயங்கிய அங்கன்வாடி அக்கா. தினமும் காலையில் தடிக்காரன்கோணத்திலிருந்து கீரிப்பாறைப் பக்கம் நடந்துவிட்டு வந்துதான் வேலைக்குப் போகிறார்கள்.

பிப்ரவரி கடைசியிலிருந்து மலைநடை கிடையாது. புல் காய்ந்துவிடும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறந்துவிட முடியாது. ஆசையோடு போன பிள்ளைகள். அந்த மாதங்களில் எத்தனை பேர் கேட்டாலும் நாங்கள் கடற்கரையிலும் குளத்தங்கரையிலும்தான் நடப்போம். 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர்க் குளங்களுக்கு அப்போது போகலாம் என்று இருக்கிறோம்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் கோயில் விழா, மின்தடை, நூலகக் கூட்டம் என்று நாள்தோறும் அறிவிப்பு வருகிறது. அதில் எந்த மலைப்பாதை இந்த வாரம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று இரண்டு வரி சேர்த்துப் போட்டால் பெரிய உதவி. மூடியிருக்கிறது என்று தெரியாமலேயே போய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. எங்களைப் போல வேறு ஊர்களிலும் நடக்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களுடைய நடையையும் அதிலேயே அறிவிக்கலாம்.

அபராதம் கட்டிய அந்த இளைஞர்கள் இதைப் படித்தால் என் மேல் கோபம் வேண்டாம், தம்பிகளே. ஆற்று நடைக்குப் பை எடை போடும் நாள் டிசம்பர் கடைசி ஞாயிறு காலை ஏழு மணிக்கு, தடிக்காரன்கோணம் சந்திப்பு ரப்பர் கடைத் திண்ணையில். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் தாங்களும் கூட வந்து, செவிலியர் தங்கையிடமும் அங்கன்வாடி அக்காவிடமும் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம். முதுகுப்பை இல்லாதவர்கள் பள்ளிக்கூடப் பையோடு வாருங்கள், இடுப்பில் கட்டத் துணி நாங்கள் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
தடிக்காரன்கோணம், கன்னியாகுமரி மாவட்டம்.